நாற்காலி கேட்ட டீச்சர்

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகள் சொல்லித்தரும் பிரிவில் நான் துப்புரவு வேலை செய்தேன். இத்தாலிய மொழி டீச்சர் மலேசியாவிலுள்ள கிள்ளான் ஊர்த் தமிழர். மற்ற வகுப்புகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று குதிகால் செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பார்.

அறிமுக நாளில் போதிய மாணவர்கள் வராவிட்டால் இத்தாலிய வகுப்பை மூடிவிடுவதாகப் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். டீச்சர் நாற்பது நாற்காலி கேட்டார். நான் பத்துதான் போட்டேன்.

"என்னண்ணே இது?"

"காலி நாற்காலிதான் டீச்சர் முதல்ல கண்ணுல படும். ஆள் வந்தா எடுத்தாந்து போடறேன்."

தலைவர் பார்த்துக்கொண்டிருக்க, மாணவர்கள் வர வர ஐந்து முறை நாற்காலி தூக்கி வந்தேன். வகுப்பு தொடரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எல்லாரும் கலைந்ததும் நாற்காலிகளை மடிக்கத் தொடங்கினேன். டீச்சர் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இத மட்டும் இப்ப மடிக்காதீங்கண்ணே. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன் லா."

சுழன்றுகொண்டிருந்த காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.