கேமராவில் என்னைக் காணோமாம்

பருத்திப்பட்டில் என் வீட்டிலேயே மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய அம்மா அப்பா வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவர்கள் என் பொறுப்பு.

இப்போது புதிதாகப் பிள்ளையை விட வருகிறவர்கள் எல்லாரும், "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். சரி, ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் ஒன்று வாங்கி, என் பேத்தி பட்டம் வாங்கிய படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறேன் என்று குழந்தை பராமரிப்பு ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன்.

வகுப்பு காலை பதினொரு மணிக்கு. மூன்று பேருக்கும் ஒன்றாகப் பசிக்கிற நேரம்.

இன்று டீச்சரம்மா, "குழந்தை மேல இருந்து ஒரு நிமிஷம்கூட கண்ண எடுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சின்னவன் தவழ்ந்துபோய்க் குளியலறை வாளியைப் பிடித்து எழுந்து நின்றான். செல்போனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால், "அம்மா, கேமராவுல உங்களக் காணோம். இன்னிக்கு ஆப்சென்ட் போட்டுட்டேன்."

"புள்ள தண்ணி வாளிகிட்ட பூட்டான்மா. சாயங்காலமா கிளாஸ் வெச்சா இன்னா?"

"எங்க ஆபீஸ் டைம் இதுதாம்மா. பிள்ளைங்கள அவங்கவங்க வீட்ல யார்கிட்டயாவது குடுத்துட்டு உக்காருங்க."

"அவங்க ஊட்ல ஆள் இருந்தா என்கிட்ட ஏம்மா உட்றாங்க?"

அதற்குள் என் மைக்கை அணைத்துவிட்டார்.

இன்னொரு நாள் ஆப்சென்ட் ஆனால் சர்டிபிகேட் கிடையாதாம். நாளைக்கும் பதினொரு மணிக்குத்தான் வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் இந்த மூன்று பேரையும் யாராவது வந்து பார்த்துக்கொள்வீர்களா?

உங்களிடம் நான் சர்டிபிகேட் கேட்க மாட்டேன்.