உப்பு நீரில் துடித்த இதயம்

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு இதய நோயாளியை அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன கார்த்திகையில் என் மனைவி முனியம்மாவுக்குக் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, பெங்களூரில் அதற்கு ஆராய்ச்சி நடக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார் எங்கள் டாக்டர்.

மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில். ஐம்பது மைலுக்கு மேல், மூன்று மணி நேரம். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. பெட்டிக்குள் 'தலையை வெளியே நீட்டாதே' என்று தமிழில் எழுதியிருந்தது. சத்தமாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"தலைய உள்ளதான வச்சிகினு கீறேன், யாருக்கு இத்தன தபா சொல்ற?" என்றாள் முனியம்மா.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். முக்கால் என்றேன். "மொதல்ல அம்மாவ ஏத்துங்க பெரியவரே, அப்பறம் பேசலாம்" என்றார். ஒரு ரூபாயே கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முனியம்மாவைப் பரிசோதித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில் எங்களை உட்காரவைத்தார். அங்கே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், உடம்பில்லாமல், ஒரு தவளையின் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"எப்படி சார் உயிரோட இருக்கு?"

"உப்புத் தண்ணியில."

எனக்குத் தாங்கவில்லை மகிழ்ச்சி. சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில், அந்த வெக்கையில் உப்புக் கஞ்சி குடித்துத்தான் நாங்கள் தாக்குப்பிடித்தோம். முனியம்மா சோர்ந்ததிலிருந்து அவள் கஞ்சியிலும் உப்பைக் கூட்டியிருந்தேன். வழிக்குக் கொண்டுவந்திருந்த கஞ்சித் தூக்கைத் திறந்து காட்டினேன். டாக்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், முகம் மாறியது.

"தனியா எடுத்த இதயத்துக்குத்தான் அது, அதுவும் அளவா. இவங்க உடம்புல உப்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். பலமில்லாத இதயம் அத்தனையும் தள்ளணும். இனிமே உப்பு பேடா, வேண்டவே வேண்டாம்."

"செத்த சதை திரும்ப வளருமா சார்?"

கிண்ணத்தைக் காட்டினார். "அதத்தான் தேடுறோம். மனுசனுக்கு இன்னும் வழி தெரியல. மிச்சமிருக்கிற சதை வேல செய்யும். அதுக்குச் சுமையக் குறைங்க."

மாத்திரை கொடுத்தார். திரும்பும் ரயிலில் இருவரும் உப்பில்லாத சோறு சாப்பிட்டோம். "இனிமே ஒனக்கு ரோசம் எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தாள். சிரிப்பின் பாதியில் மூச்சு அடைத்தது. அது திரும்பும்வரை அவள் கையை விடவில்லை.

போகிறவர்கள், நோயாளி சாய்ந்து உட்காரத் தலையணை எடுத்துப் போங்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை, கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீக்கம் வடிந்திருக்கிறது. இதயம் ஆறவில்லை. எங்கள் அடுப்படிச் சுவரில் கரியால் 'உப்பு வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சமைப்பது இப்போது நான்.