அக்கா முடித்துவைத்த புத்தகம்

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் நிறுவனத்தின் புனே ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலியானது. போகிறாயா என்று மேலாளர் என்னைக் கேட்டார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

2. அதே வாரம், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலை முதல் பஸ்ஸில், நர்ஸ் அக்கா ஒரு பெண்ணின் தன்வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

3. சொல்லி முடித்தார். அதில் வரும் பெண் வேலையை விட்டுவிட்டு, நோயாளி அப்பாவிடம் ஊர் திரும்பினாள்.

4. மறுநாள், புனேவுக்கு வர இயலாது என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

5. பிறகு அந்தப் புத்தகத்தை அக்காவிடமிருந்து வாங்கி நானே படித்தேன். அந்தப் பெண் ஊர் திரும்பவே இல்லை.

எங்கள் மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடியாது. படித்தால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே குமட்டும், மூன்றாவதில் வாந்தி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முயன்று பார்த்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது. "மூந்து பாரு கண்ணு. புஸ்தகத்த மூடி வெய்யி. இந்த ரோட்டுல கண்ணால படிக்கக்கூடாது, காதால படிக்கணும்" என்றது ஒரு குரல். அதுதான் நர்ஸ் அக்கா. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் செம்மநத்தத்துக்காரர். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக டீச்சர். இவரும் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், ஏற்காட்டில் மாதாகோவில் பக்கம் வீடு.

அவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வீட்டில் படிப்பதை, அல்லது சாப்பாட்டு இடைவேளையில் படிப்பதை, காலையில் வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டே இறங்குவது. அடிவாரத்தில் நிறுத்திக்கொள்வது. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் அந்தப் புத்தகத்தைத் தொடக்கூடாது. முடிந்த பிறகு புத்தகம் கை மாறும். மூன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டீச்சருக்குப் புராணங்கள்தான். அசுரர்கள், சாபங்கள், வரங்கள், வரத்தில் அடைக்காமல் விட்டுப்போன ஓர் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பாடகர் குழுவில் பாடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அசுர குலத்தின் வம்சாவளியைத் தப்பில்லாமல் ஒப்பிப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்து, "ஏனுங் டீச்சர், நேத்து அந்த அசுரன் செத்தானுங்களா இல்லீங்களா?" என்று கேட்பார். "நீங்க பின்னாடி சீட்டு போடப் போயிட்டீங்க, அதுக்குள்ள செத்துட்டான்" என்பார் டீச்சர்.

அக்காவுக்குத் தன்வரலாறு மட்டுமே பிடிக்கும். எந்தப் புத்தகத்தைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நெசமா நடந்ததா?" இல்லை என்றால் ஆர்வம் போய்விடும். இதற்காகவே டீச்சரோடு சண்டை போடுவார். "பத்துத் தலையும் நாலு கையும் வெச்சுட்டு எந்தப் பஸ்ஸுல ஏறுவாங்க?" என்பார்.

நான் வானியல் சொல்வேன். எளிய மொழியில் எழுதிய புத்தகங்கள்தான், சூத்திரங்கள் இல்லாதவை. என் புத்தகங்களுக்கு வரவேற்பு சுமார். "உம் புஸ்தகத்துல யாரும் சண்ட போடறதில்ல, யாரும் கலியாணம் பண்றதில்ல" என்பது அக்காவின் விமர்சனம். ஒருமுறை, தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றும் கோள்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு பாதி நிரந்தரப் பகல், மறுபாதி நிரந்தர இரவு, இரண்டுக்கும் நடுவில் முடியாத அந்தி. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவுல குடியிருக்கக்கூடாது சாமி. வெளக்கு வெச்சியா வெச்சியான்னு மாமியா கேட்டுட்டே இருப்பா" என்றார். டீச்சர் சிரித்ததில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது.

என் வேலை லாரி எடை மேடைகளைச் சோதிப்பது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள், கல் குவாரிகள், எங்கெல்லாம் லாரியை ஏற்றி எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் போய், தரப்படுத்திய எடைக்கற்களை வைத்து, மேடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கருவியியல் படித்தவள். புனேயில் இருப்பது அந்த எடைக்கற்களையே சோதிக்கும் இடம். ஒரு மில்லிகிராமின் சிறு பங்கைக்கூட விடாத அறை. கல்லூரியில் படத்தில் பார்த்ததிலிருந்து அந்த அறைக்குள் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஏனென்றால் நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். இப்போது இதயம் பலவீனமாகிவிட்டது. கரடியூர் ரோட்டுக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. மூச்சு முட்டினால் அவரைத் தாங்கிப் பிடித்து மேலே ஏற்றி, காரில் உட்காரவைக்க வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். வாராவாரம் குரல் செய்தி அனுப்புவான். அவன் அடிக்கடி சொல்லும் வரி: "நீ அங்க இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்." அன்பாகத்தான் சொல்வான். அதைக் கேட்ட பிறகு வெகுநேரம் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

அந்த வாரத்தில் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, போக, இருக்க என்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். "இருக்க" என்ற பத்தியில் எழுதியவை எல்லாம் மற்றவர்கள் பெயர்கள். "போக" என்ற பத்தியில் ஒரே ஒரு வரி. ஒப்பிட வழியில்லாமல் தாளைக் கிழித்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா அந்தப் புத்தகத்தைச் சொல்லத் தொடங்கினார். உப்பளத்து ஊரில் பிறந்த பெண். வானிலை நிலையத்தில், காற்றை அளக்கப் பலூன் விடும் வேலை. தீவு ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம், அவரைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறாள். அக்கா இதைச் சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவருக்கு என் புனே விஷயம் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கடைசி நாள், பனி மூட்டத்தில் பஸ் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னார்: அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து இறங்கினாள். அப்பா கட்டிலில் இருந்தபடி, "வந்துட்டியா சாமி" என்றார். அதற்குப் பிறகு அவர் பத்து வருஷம் இருந்தார். அவள் ஒருநாளும் வருத்தப்படவில்லை.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. அது நிம்மதி போலவும் இருந்தது. நெசமா நடந்தது அல்லவா. ஒருத்தி திரும்பி வந்து, வருத்தப்படாமல் இருந்திருக்கிறாள். ஒரு புத்தகத்தைக் கேட்டு முடிவெடுத்தேன் என்றால் அது பாதிதான் உண்மை. நான் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தேன், அது பஸ்ஸிலேயே கிடைத்தது.

புத்தகம் என் கைக்கு வந்தது. "மெதுவாப் படிச்சுட்டுக் குடு" என்றார் அக்கா. இரண்டு வாரம் அதைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். முடிவுக்கு இரண்டு அத்தியாயங்கள் முன்னால் ஒரு மருத்துவமனைச் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த தாள்கள் அச்சகத்தில் சரியாக வெட்டப்படாமல் மேல் விளிம்பில் ஒட்டியே இருந்தன. அவற்றை யாரும் பிரித்ததே இல்லை. ஸ்கேலால் பிரித்துப் படித்தேன். படித்து முடித்தபோது அம்மா சமையலறையிலிருந்து, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். "கடைசி ரெண்டு அத்தியாயம் நீங்க படிக்கலீங்களாக்கா?"

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "எங்க படிக்க? அந்த வாரம் பூராவும் காச்சல் கேசு. சோறு திங்கவே நேரமில்ல. ஊட்டுக்குப் போனா புஸ்தகத்தத் தொட உடுவாங்களா? காத்தால நீங்க ரெண்டு பேரும் என் வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நானே முடிச்சு வெச்சேன். ஏன், தப்பா முடிச்சுட்டனா?"

டீச்சர் திரும்பி உட்கார்ந்தார். "நெசம் வேணும் நெசம் வேணும்னு எங்கூட எத்தன சண்ட போட்ருப்ப அம்மணி. கடைசில நீயே புராணம் பண்ணிட்ட."

"உங்க சாமி கதைக்கெல்லாம் ஊருக்கு ஒரு முடிவு இருக்குதுல்லீங்க? எனக்கு ஒண்ணு இருந்தா என்ன?"

"எங்க சாமியா? அது உங்க சாமி."

அக்கா சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நெசமா என்னதான் ஆச்சு? நீதான் படிச்சுட்டியே, சொல்லு கண்ணு."

அந்த நேரம் பஸ் நின்றது. கீழ் வளைவில் மரம் ஏற்றிய ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தாழ்வான தடுப்புச் சுவர், பின்னால் வரிசையாகப் பால் வண்டியும் கார்களும். இறங்கவும் இடமில்லை. நான் சொன்னேன்.

அப்பா இறந்த செய்தி அவளுக்குத் தாமதமாக வந்தது. கப்பல் இல்லை. அடுத்த கப்பல் வந்தபோதும் அவள் ஏறவில்லை. செய்தி வந்த அன்று மாலையும் வழக்கமான நேரத்தில் பலூனை விட்டுவிட்டு, அது மேகத்தில் மறையும்வரை கருவியில் பார்த்துக் குறித்துக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தில் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. தங்கை பேசுவதை நிறுத்தியது, வருஷங்கள் கழித்து மறுபடி பேசியது, தீவில் காற்று எந்த உயரத்தில் திசை மாறும் என்பது, இவ்வளவுதான்.

"வரவே இல்லையா?" என்றார் அக்கா.

"இல்லீங்கக்கா."

"அப்பன் செத்ததுக்கும்?"

"இல்லீங்க."

அக்கா தன் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டார். "வராம எப்படி இருப்பான்னு நெனச்சேன். எனக்கு வேற மாதிரி தோணவே இல்ல பாரு. அவளப் பெட்டியோட தரதரன்னு இழுத்துட்டு வந்து ஊட்டுல உட்டுட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு எடுக்கிறவர்களுக்கு விடுபட்ட எண் கண்ணில் படும். "உனக்கு ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. புனே பற்றிச் சொன்னேன். எப்போது மறுத்து எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னதக் கேட்டுட்டா எழுதிக் குடுத்த? எம்புருசங்கூட இதுவரைக்கும் நான் சொன்ன ஒரு பேச்சக் கேட்டதில்ல."

"உங்களால மட்டும் இல்லீங்கக்கா."

"மட்டும் இல்லைன்னா, கொஞ்சம் உண்டுன்னுதான அர்த்தம்." பிறகு என் பையைத் தட்டி, "போனப் போடு. இன்னும் இருக்குதான்னு கேளு" என்றார்.

"இங்க டவர் இல்லீங்க."

"அடிவாரத்துல இருக்கும்."

லாரி முன்னும் பின்னுமாக நகர்ந்து வழிவிட வெகுநேரம் ஆனது. பஸ் மறுபடி இறங்கத் தொடங்கியது. கண்டக்டர் வந்து, "என்னங்க, இன்னிக்குக் கதை லீவா?" என்று கேட்டார். டீச்சர் சில்லறையைக் கொடுத்து அனுப்பினார். அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் மேலாளரை அழைத்தேன். அக்கா என் காதருகே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அந்த இடம் கோயம்புத்தூர் ஆபீஸ் பையனுக்குப் போயிருச்சேம்மா. நீதான் முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டியே?" என்றார் மேலாளர். "அடுத்து வந்தா கேக்கறேன். அப்ப ஊட்ல கேட்டுட்டு உறுதியாச் சொல்லு."

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இறங்குமிடம் வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். ஓர் இடம் வந்தது, மறுத்துவிட்டேன், இன்னொன்று வந்தால் போவேன் என்று மூன்று வாக்கியங்கள். அப்பா டிவியின் ஒலியைக் குறைத்தார். "எங்களால வேண்டாம்னுட்டியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா மறுபடி ஒலியைக் கூட்டவில்லை. செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி அண்ணனுக்கும் அனுப்பினேன். படித்ததற்கான இரண்டு நீல டிக்குகள் விழுந்தன, பதில் வரவில்லை.

இப்போதைய நிலை இது. புனேயில் காலியிடம் எதுவும் இல்லை. அடுத்தது வந்தால் என்னைக் கேட்கும்படி மேலாளருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. அப்பா அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அண்ணன் போன வாரம் பேசினான், வேறு விஷயங்கள். நான் தினமும் காலை முதல் பஸ்ஸில் இறங்கி, மாலையில் ஏறுகிறேன்.