விட மாட்டேன் என்று சொன்ன கை

பேரப்பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் ஷூ வாங்கிக் கொடுத்தது எங்கள் மாப்பிள்ளை. கூடவே ஓடிப் பிடிக்க வேண்டியது யார்? சாட்சாத் நான்தான்!

போன சனிக்கிழமை. சிவகாசியில் எங்கள் தெருவுக்குப் புதுசாகத் தார் போட்டிருக்கிறார்கள். பேத்தி நிலா என் கையைப் பிடித்துக்கொண்டு சறுக்கினாள். பேரன் கவின் தன் முறைக்காகச் சுவரோரம் காத்திருந்தான்.

"விட்ருவீகளா தாத்தா?" என்றாள்.

"விட மாட்டேன் தாயி. என்னைய நம்பு."

நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டுகூட ஒரு ரவுண்டு வந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற சத்தம் வேறு... இது வேறு. ஜன்னல் அதிர்ந்தது. எம். புதுப்பட்டி பக்கம் புகை. என் மகள் செல்வி அந்தப் பக்கம்தான் ஒரு பட்டாசு கம்பெனியில் சூப்பர்வைசர்.

பேத்தியின் கையை விட்டுவிட்டு போனை எடுத்தேன். என்ன பிரயோஜனம்? கம்பெனிக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் அடித்தேன். தெருவே வாசலில் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

நிலா விழுந்து கிடந்தாள். முழங்காலில் ரத்தம். அழவில்லை, என்னையே பார்த்தாள்.

"அம்மா கம்பெனியா தாத்தா?" என்றான் கவின்.

"இல்லலே, வேற எங்கனயோ."

எனக்கென்ன தெரியும்? மனசுக்குள் மாரியம்மனிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன் — வேறு எங்காவது இருக்கட்டும் தாயே!

மத்தியானம் செல்வி கேட்டில் போனை வாங்கிக் கூப்பிட்டாள். அவள் கம்பெனி இல்லை, பக்கத்துக் கம்பெனியாம். எனக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் அசிங்கமாகவும் இருந்தது. வேறு எங்காவது என்றால் அது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ அல்லவா? அவர்களும் காலையில் அதே அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தானே வேலைக்குப் போயிருப்பார்கள்? என் வேண்டுதல் பலித்தது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

சாயங்காலம் செல்வி வந்து மகளின் முழங்காலுக்கு மருந்து போட்டாள். இரண்டொரு நாளில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீபாவளி சீசன் ஆர்டர் இருக்கிறது, வேறு வேலை எங்கே இருக்கிறது?

நேற்று நிலா மறுபடியும் ஷூவை மாட்டினாள். கையை நீட்டினேன். அவள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல போனை வீட்டுக்குள்ள வச்சிட்டு வாங்க தாத்தா. அம்மா கம்பெனில வைக்கிற மாதிரி."

வைத்துவிட்டு வந்தேன். போனை வைத்துவிடலாம்... காதை எங்கே கொண்டுபோய் வைக்க?