குண்டர் கோட்டை என்றார்கள்

பட்டர்வொர்த் படகுத்துறையில் நேற்று வடையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். எண்ணெயும் மையும் கலந்த அந்த வாசனை, டத்தோ கிராமாட்டில் நான் வளர்ந்த கம்பத்துக்கு, அந்த நெருக்கமான குடியிருப்புக்கு, என்னை இழுத்துப்போனது. தகரக் கூரைகளில் மழை கொட்டும் சத்தமும், பொதுக்குழாயடியில் துணி துவைத்தபடி பெண்கள் யார் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிக்கும் சத்தமும், மாலையில் ஏழெட்டு வானொலிகள் ஒரே பாட்டைப் பாடும் சத்தமுமாக எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த இடம் அது.

ஒருநாள் எங்கள் சந்து முனையில் இரண்டு பேர் வெட்டிக்கொண்டார்கள். இருவருமே வெளியாட்கள். மறுநாள் ஒரு பத்திரிகை எங்கள் கம்பத்துக்கே 'குண்டர் கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டது. உள்ளே வந்து ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிக் கேட்டார்களா? இல்லை.

அந்த மாதமே பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. டாக்சிக்காரர் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டார். "உள்ள வரமாட்டேன்லா, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார். அம்மா அக்காவைத் தாங்கி நடத்திக்கொண்டு போக, பாதி வழியில் குழந்தை பிறந்துவிட்டது. இருவரும் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்பா கொதித்துப்போய்ப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். "ஒரு வார்த்தைதானே அண்ணே, எடுப்பா இருக்கட்டும்னு போட்டோம்" என்று நிருபர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அடுக்குமாடி கட்ட எங்களைக் கிளப்பினார்கள். குண்டர்கள் ஒழிந்தார்கள் என்று ஊரே நிம்மதியாகப் பேசியது. மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறிய எங்களிடம், எங்கே போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.