கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

எனக்கும் என் மூத்த ஓரகத்திக்கும் நடந்த சண்டையை எங்கள் சபையில் ஒருவரும் பார்த்ததில்லை. நடந்தபோதெல்லாம் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

காரணம் ஒரு கறிக்குழம்பு. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் வைத்தது. பரிமாற வந்த ஓரகத்தி (நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) கரண்டியை விட்டுத் துழாவி, சம்பந்தியம்மா காதுபட, "கறி எங்கத்தா ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. சம்பந்தம் கூடி வந்தது, கல்யாணமும் ஆனது, பேரனும் பிறந்துவிட்டான். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.

நேரில் சண்டை போட வழியில்லை. ஒரே காம்பவுண்டு, அடுத்தடுத்த வாசல், ஒரே சபை. அதனால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் செய்வோம். என் முறை வந்தபோது, "நாவைக் காத்துக்கொள்ளும் கிருபையைச் சில சகோதரிகளுக்குத் தாரும் சுவாமி" என்று உருகினேன். அடுத்தது அக்கா. விருந்தாளிகளுக்குத் தாராளமாகப் பரிமாறும் மனசை இந்தக் குடும்பத்தில் சிலருக்குத் தரவேண்டும் என்று அவரும் கண்ணீரோடு கேட்டுக்கொண்டார்.

அன்று பிடித்த சண்டை வருடக்கணக்காக ஓடியது. மற்றவர்கள் மழைக்காகவும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும், உசிலம்பட்டியிலிருந்து வேலை மாற்றல் கிடைக்காதவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஆண்டவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தோம். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பைச் சொல்லும் வரி வரும்போது எனக்குச் சரியாக இருமல் வந்துவிடும். கூட்டத்தை நடத்தும் சபை உபதேசியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் இருவரின் ஜெப வாஞ்சையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னார். வெட்கங்கெட்டுப்போய் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்ட கட்டியென்று தெரியும் என்றார் டாக்டர். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் பறந்துபோனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. இந்த மனுஷி போய்விட்டால் நான் யார் மேல் கோபப்படுவது?

ஆபரேஷன் அன்று காலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் தியேட்டர் வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஜெபிக்க வரவேண்டிய உபதேசியார் கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்தார். நர்ஸ் அவசரப்படுத்தினார். அக்காவின் கணவர் தானே ஜெபிக்கிறேன் என்று கைகூப்பினார். அக்கா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு என்னைக் காட்டினார்.

"அவ பண்ணட்டும். இம்புட்டு வருசமா அவ ஜெபத்தத்தான் நான் ஒரு வார்த்த விடாமக் கேட்டிருக்கேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வருடக்கணக்காகப் பழகிய அழகான வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அத்தனையும் இவரைக் குத்துவதற்கென்றே சேர்த்துவைத்தவை. பயப்படும்படி ஒன்றுமில்லாத கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அது தெரியாதே.

"ஆண்டவரே, இவங்களப் பத்தி நான் ஒங்ககிட்டச் சொன்னது எதையும் மனசுல வச்சுக்காதீங்கப்பா. எங்கக்காவத் திருப்பிக் குடுத்துருங்க."

அக்கா என் விரல்களை இறுக்கிப் பிடித்தார்.

"நான் சொன்னதையும் சேத்துக்கத்தா."

சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேருக்குமாக அவர்தான் ஆமென் சொன்னார்.