பூவரசில் தொங்கிய பெட்ரோல் டேங்க்

புளிக்கரைசலும் பழைய பெட்ரோலும் கலந்தால் ஒரு வாசனை வரும். ரசம் கொதிக்கும்போது யாரோ அடுப்பங்கரைக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனதுபோல இருக்கும். அந்த வாசனையும், தகரத்துக்குள் சங்கிலி உருளும் 'கடகட' சத்தமும் சேர்ந்து வந்தால், இந்த வயதிலும் என் தலை தானாகக் கவிழ்ந்து, தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று கண் ஓரமாகத் தேடும். ஆனால் கை மட்டும் நிற்காது. அது ஏன் நிற்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, வாளியின் காது என்று இரும்பாக எது இருந்தாலும் உப்புக்காற்று அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். எங்கள் தெருவில் 'துருப்பிடித்தது' என்று சொல்லமாட்டார்கள், 'காத்து தின்னுட்டு' என்பார்கள். அப்படிக் காற்று தின்றதுதான் அப்பாவின் பச்சை மோட்டார் சைக்கிள் வண்டி. அப்பா சரக்குத் தோணியில் வேலை பார்த்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணி. போனால் பல மாதம் கழித்துத்தான் வருவார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்த வருடம், அவர் போன பிறகு வண்டி ஒரு மழைக்காலம் முழுவதும் சுவரோரம் சாக்கு போர்த்தி நின்றது.

அம்மா சவேரியம்மாள் மீன் விற்றாள். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் கூடையை ஏற்றி, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டைக்குப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். மழை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள், நானும் கூட இருந்தபோது, கண்டக்டர் படியில் நின்றுகொண்டு கையை நீட்டித் தடுத்தார்.

"ஆளு ஏறு. கூடை ஏறாது. வாடை தாங்காம பாசஞ்சர் எல்லாம் மூக்கப் பொத்துதாங்க."

"கூடைய விட்டுட்டு அங்க போயி நான் என்ன செய்ய, வேடிக்க பாக்கவா?" என்றாள் அம்மா.

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. கரையிலேயே ஒரு வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கு மீனைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். புதுக்கோட்டையில் அவள் வருகைக்காகச் சட்டியோடு காத்திருக்கும் வாடிக்கை வீடுகள் இன்னும் கொஞ்ச நாளில் வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். நேரே போய் வண்டியின் மேல் கிடந்த சாக்கை உருவினாள்.

விஷயம் எப்படியோ பெரியப்பாவுக்குப் போய்விட்டது. அப்பாவின் அண்ணன், அப்பா கடலில் இருக்கும்போது வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசமாட்டார், எல்லாம் என் வழியாகத்தான். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்:

"ஏலே, ஒங்கம்மாட்டச் சொல்லு. வண்டி நின்னு நின்னு இத்துப் போவுது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பழைய இரும்புக்காரரக் கூட்டிட்டு வாரேன். தள்ளிவிட்டுட்டு, மீனக் கரையிலயே போட்டுட்டு வீட்ல இருக்கச் சொல்லு."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா சொன்னாள்: "ஏலே, ஒங்க பெரியப்பாட்டச் சொல்லு. ஓடாட்டாத்தான் அது இரும்பு. ஓடினா வண்டி."

"ஓடினா யாருலே ஓட்டுவா? ஒங்கம்மாவா?"

நான் இருவருக்கும் நடுவில் நின்று என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதற்குப் பதில் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாத உப்பளத்துப் பாதைகளில் அப்பா பின்னால் உட்கார்ந்திருக்க, அம்மாதான் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறாள். அது எங்கள் மூவருக்குள் இருந்த சங்கதி.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பட்டறை அண்ணாச்சி பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தங்கச்சி, உள்ள தேரிக்காட்டுச் செம்மண்ணு மாதிரி செவசெவன்னு கெடக்கு. இதுல பெட்ரோல் ஊத்துனா துரு பூரா எறங்கி கார்புரேட்டர அடச்சிரும், கோயில் முக்குவர கூடப் போவாது. புது டேங்க் போட்டாத்தான் உண்டு" என்றார். புது டேங்குக்கு நாங்கள் எங்கே போவது. "கழட்டி மட்டும் தாங்க அண்ணாச்சி" என்று வாங்கி, தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தெரு வழியாக நடந்து வந்தாள்.

அரிவாள்மணையில் துரு ஏறினால் வினாகிரி என்று நாங்கள் சொல்லும் வினிகரைப் போட்டுத் தேய்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. டேங்குக்கும் அதையே செய்தாள். சோப்புத்தூள் போட்டு அலசிவிட்டு, கிறிஸ்துமஸ் ஊறுகாய்க்கென்று சாடியில் வைத்திருந்த வினாகிரியை அப்படியே அதற்குள் கவிழ்த்தாள். உள்ளே உருண்டு சுரண்ட ஏதாவது வேண்டுமே. எங்கள் ஊரில் சட்டி சுரண்டுவதற்கும் கைக்கு வருவது சிப்பிதான். முத்துக் குளித்த காலத்தில் கொட்டிய ஓடுகள் கரையோரம் கொஞ்சம் தோண்டினால் இன்னும் கிடைக்கும். கூரான துண்டுகளாகப் பொறுக்கி வந்து கைநிறையப் போட்டேன். போட்டதும் டேங்கின் வாய்வழியாகப் பால் பொங்குவதுபோல நுரை பொங்கியது. துருதான் கிளம்பி வருகிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். விடிய விடிய ஊறட்டும் என்று விட்டுவிட்டோம்.

காலையில் வடித்துப் பார்த்தால் கலங்கல் தண்ணீர் வந்தது, துரு அப்படியே இருந்தது. சிப்பித் துண்டுகள் மட்டும் கரைந்து நகம்போல மெலிந்திருந்தன. அம்மா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள்.

"புளிப்பே இல்லலே. இந்தச் சிப்பியச் சுட்டாத்தான சுண்ணாம்பு. வினாகிரி பூராத்தையும் இதுதான் குடிச்சிருக்கு."

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏளா சவேரி, இந்த வருசம் ஊறுகாய டேங்குக்குள்ளயா போட்டிருக்க?"

"ஆமாக்கா. கொஞ்சம் துரு ருசி அடிக்கும். ஒங்களுக்கும் ஒரு பாட்டில் தாரேன்" என்றாள் அம்மா. சாடி காலியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் தோற்ற களை இல்லை.

அடுத்தது புளி. பரணில் கிடந்த பழைய கறுப்புப் புளியை எல்லாம் கரைத்து, பிசைந்து, வடிகட்டி ஊற்றினாள். இம்முறை சிப்பிக்குப் பதில் பழைய சைக்கிள் செயின். வெளியே இழுக்க வசதியாக அதன் நுனியில் வலைக்கயிறு கட்டினோம். டேங்கின் வாயைத் துணியால் அடைத்து, கிழிந்த வலைக்குள் டேங்கைப் போட்டு, மரத்தில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். பின்பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. "அங்கன கட்டுவோம்மா" என்று கெஞ்சினேன். வாசலில் தெருவைப் பார்த்து நின்ற பூவரசைக் காட்டி, "ஒளிஞ்சு செய்ய இது என்ன களவா? இங்கன கட்டு" என்றாள்.

தொட்டில் மாதிரித் தொங்கிய அதை நான் ஆட்டினேன். என்னோடு படித்த பையன்கள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பார்த்தார்கள், வரும்போதும் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "யாருக்குலே பிள்ள பெறந்திருக்கு?" என்றார். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "எனக்குத்தான். பெட்ரோல் குடிக்கிற பிள்ள. தாலாட்டு தெரிஞ்சா ரெண்டு வரி பாடிட்டுப் போங்க." அவர் சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

சனிக்கிழமை வடித்தபோது காப்பி வண்டல்போலக் கறுப்பாகக் கொட்டியது. டார்ச் அடித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தகடு தெரிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் மறுபடி துருதான். அதனால் குழாயடியில் காத்திருந்து பிடித்து வைத்த குடிதண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவினாள்.

"குடிக்கத் தண்ணிக்கு என்னளா செய்வ?" என்றாள் பிலோமி அக்கா.

"ஒங்க வீட்ல வந்து குடிப்பேன்."

கடைசியாக, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்துத் தண்ணீரில் கலக்கினாள். "மிச்சம் மீதிப் புளிப்ப இது குடிச்சிரட்டும்" என்று ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, வெயிலில் காயவைத்து, காற்று தின்னாமலிருக்க உடனே எண்ணெய் விட்டு உருட்டினாள். சிப்பி செய்த கேட்டை, அதன் சுண்ணாம்பை வைத்தே அவள் சரிக்கட்டியதாக இப்போது தோன்றுகிறது. அன்று சாயங்காலம் பட்டறை அண்ணாச்சி டார்ச்சை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, டேங்கை வண்டியில் பூட்டித் தந்தார்.

பூசை முடிந்து பெரியப்பா வந்தார், பின்னால் தள்ளுவண்டியோடு இரும்புக்காரர். அம்மா கோயிலுக்குக் கட்டிய சேலையோடு கிக்கரை மிதித்தாள். வண்டி இருமியது. மறுபடி மிதித்தாள், மறுபடி இருமி அடங்கியது. இரும்புக்காரர் ஹேண்டிலில் கை வைத்து, "ஏத்திரட்டுமா அண்ணாச்சி?" என்றார். தெருவே கூடி நின்றது. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒங்கம்மாட்டச் சொல்லு, கூத்து போதும்னு."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "நீங்களே சொல்லுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா இன்னொரு மிதி மிதித்தாள். வண்டி பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகையில் பெரியப்பா, இரும்புக்காரர், பிலோமி அக்கா எல்லாரும் மறைந்து போனார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து அம்மா முதன்முறையாக அவரிடம் நேராகப் பேசினாள்: "அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

திங்கட்கிழமை கூடையைப் பின்னால் கட்டி, எனக்கும் கூடைக்குமாக இடம் பிரித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனோம். பதற்றத்தில் அவள் கியர் மாற்றவேயில்லை. போய்ச்சேரும்வரை இரண்டாவது கியர்தான். நடுவழியில் அந்த பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வெகுதூரம் அவள் ஒதுங்கவில்லை. சட்டியோடு வெளியே வந்த வாடிக்கைக்காரப் பெண்கள் மீனை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள். மாதங்கள் கழித்துத் தோணி திரும்பியபோது, அப்பா கரையிலிருந்து வீட்டுக்கு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தே வந்தார். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று கையைக்கூட ஆட்டினார்.

இப்போது அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. சாக்கடை போடும்போது பூவரசை வெட்டிவிட்டார்கள். அந்த பஸ்ஸும் இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பச்சை வண்டி இருக்கிறது. அதில் பெட்டி கட்டி நான்தான் புதுக்கோட்டைக்கு மீன் கொண்டு போகிறேன். மழைக்காலம் வந்தால் சில வாரம் ஓடாமல் நிற்கும், உள்ளே மறுபடி செம்மை படரும். துரு எடுக்கிற மருந்து பாட்டிலில் விற்கிறது, புது டேங்கே வாங்கிவிடலாம் என்று மகன் சொல்கிறான். வாங்கலாம், எனக்கும் தெரியும்.

ஆனாலும் புளி கரைக்கிறேன், செயினைப் போடுகிறேன், வாசல் கேட்டின் மேல் குழாயில் வலையைக் கட்டித் தொங்கவிடுகிறேன். பின்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. நாலு பேர் கூடினால் நான் இன்றும் வாய் திறக்காதவன்தான். தெருவில் போகிறவர்கள், "அண்ணாச்சி, யாருக்குப் பிள்ள?" என்று கேட்கும்போது அம்மாவின் வாய் எனக்கு வருவதில்லை. தலையைக் கவிழ்த்துக்கொள்கிறேன். கவிழ்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக ஆட்டுகிறேன்.